பதினாறு மெஷினுக்கும் ஒரே சட்டம்

மரக்காணத்தில் சர்வர் என்றால் ஓட்டலில் சாம்பார் வாளியோடு வருபவர். எங்கள் மருத்துவமனையில் மட்டும் அது ஒரு பூட்டிய அறைக்குள் இரைந்துகொண்டிருந்த கறுப்புப் பெட்டி. அதைப் பார்த்துக்கொண்டவரை நாங்கள் சர்வர் அக்கா என்று கூப்பிட்டோம். ஒருநாள், நோயாளிக்குத் துணையாக வந்த பெரியவர் ஒருவர் இதைக் காதில் வாங்கிக்கொண்டு நேராக அவரிடம் போய் ரெண்டு டீ கேட்டார். அக்கா சிரிக்கவும் இல்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. “டீ அந்தப் பக்கம்ங்க. என்கிட்ட பாலிசிதான் இருக்குது” என்றார். இன்ஷூரன்ஸ் ஆளிடம் மாட்டிக்கொண்டோம் என்று பயந்து பெரியவர் வேகமாகத் திரும்பிவிட்டார்.

அவரைப் போலவே திரும்பிப் பார்க்காமல் ஓடிவிடலாமா என்று எனக்கும் பலமுறை தோன்றியிருக்கிறது.

சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. உப்பளத்து ஜனங்களுக்கும் கடலோரத்து ஜனங்களுக்குமாக ஒரு டிரஸ்ட் நடத்திய சின்ன மருத்துவமனை. மரக்காணத்தில் பதினாலு கம்ப்யூட்டர், அனுமந்தைக் கிளையில் ரெண்டு. நான் பதிவுக் கவுன்டரில் இருந்தேன். கிளியனூரிலிருந்து பஸ் மாறி வந்துபோவேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், என் ஒரு வயது மகளின் போட்டோவைக் கம்ப்யூட்டர் திரையில் வைத்தேன். மறுநாள் காலையில் போட்டோ இல்லை. வெறும் நீலம். திரும்ப வைத்தேன். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால் மறுபடியும் நீலம். மூன்றாவது தடவை அவருடைய அறைக்கே போய்விட்டேன்.

“அக்கா, என் பொண்ணு போட்டோவை ஏன் எடுத்தீங்க?”

“நான் எடுக்கல தம்பி. டெம்ப்ளேட் எடுத்துச்சு.”

அப்போதுதான் விளக்கினார். திரையில் என்ன படம், எத்தனை நிமிஷத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும், ஃப்ளாப்பி போடலாமா கூடாதா எல்லாமே சர்வரில் ஒரே இடத்தில் வரிவரியாக இருக்கிறது. அந்தச் சட்டங்களுக்குப் பாலிசி என்று பெயர், அவற்றை எழுதி வைத்த வரிகளுக்கு டெம்ப்ளேட். ஒவ்வொரு மெஷினும் காலையில் எழுந்ததும் சர்வரிடம் போய் அதைப் படித்துக்கொள்ளும். அப்புறம் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருதடவை போய், ஏதாவது மாறியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளும்.

“என் மெஷினை மட்டும் விட்டுடச் சொல்லுங்க.”

“ஒரு மெஷினுக்குன்னு தனிச் சட்டம் கிடையாது.”

“சின்னக் கொழந்தைக்கா அது.”

“கொழந்தை அழகாத்தான் இருக்குது. பர்ஸ்ல வெச்சுக்க.”

இப்படித்தான் அவர். என்ன கேட்டாலும் இந்தச் சுவரில்தான் போய் முட்ட வேண்டும். ஃபார்மஸியில் இருந்த பெண்ணுக்கு எழுத்து சின்னதாகத் தெரிகிறது என்றால், எழுத்தைப் பெரிசு பண்ண மாட்டார், கண் டாக்டரிடம் அனுப்புவார். கண்ணாடி போட்ட பிறகும் தெரியவில்லை என்றால், பதினாறு மெஷினிலும் எழுத்து பெரிசாகும். எனக்குப் பெரிய எழுத்து வேண்டாம், என் திரையில் பாதிப் பெயர்தான் தெரிகிறது என்றால், “அவங்களுக்குத் தெரியணும்ல” என்பார்.

எங்கள் டாக்டர் பொறுமைசாலி. அவரே ஒருநாள் பொறுமை இழந்தார். ஐந்து நிமிஷம் தொடாவிட்டால் திரை பூட்டிக்கொள்ளும். கையுறையைக் கழற்றி, பாஸ்வேர்ட் அடித்து, திரும்பக் கையுறை போட்டு என்று ஒரு நோயாளிக்கு இரண்டு தடவை நடந்தது. “என் ரூம்ல மட்டும் எடுத்துடும்மா” என்று கேட்டார். அக்கா முடியாது என்று சொல்லவில்லை. மறுநாள் ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு டாக்டர் அறையில் போய் உட்கார்ந்தார். காலையிலிருந்து சாயங்காலம் வரை, திரை எத்தனை தடவை பூட்டிக்கொள்கிறது என்று கோடு கோடாகப் போட்டார். நோயாளிகள் அவரை நர்ஸ் என்று நினைத்து ஊசியைப் பற்றிக் கேட்டார்கள். சாயங்காலம் எழுந்து, “பத்து நிமிஷம் ஆக்கிடறேன் டாக்டர். ஆனா உங்களுக்குன்னு இல்ல, எல்லாருக்கும்” என்றார். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டது எனக்குக் கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது.

எதை மாற்றுவதானாலும் முதலில் நோட்டில் எழுதுவார். நீளமான, காலிகோ அட்டை போட்ட நோட்டு. தேதி, எந்த வரி, என்ன மாற்றம், ஏன், யார் என்று ஐந்து பத்தி. எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விசைப்பலகையில் கை வைப்பார். “எழுதிட்டு மாத்து. மாத்திட்டு எழுதாத” என்று அடிக்கடி சொல்வார். உப்புக் காற்றில் நெட்வொர்க் ஒயரின் முனைகள் பச்சை பூத்துப் போகும். மாசம் ஒருதடவை பதினாலு மெஷினையும் கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் தேய்ப்பார். அதையும் நோட்டில் எழுதுவார். ரப்பர் தேய்த்ததற்கு எதற்கு “ஏன்” என்று கேட்டேன். “உப்பு” என்று எழுதியிருந்ததைக் காட்டினார்.

இத்தனை ஜாக்கிரதையாக இருந்தும் ஒருநாள் அவரே தப்பு செய்தார். ஃப்ளாப்பியை மட்டும் மூடு என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கு அடுத்த வரி எல்லாவற்றையும் மூடு. கை ஒரு வரி கீழே போய்விட்டது. ஒரே இடத்தில் மாற்றினால் பதினாறு இடத்திலும் மாறும் என்று பெருமையாகச் சொல்வாரே, அதே மாதிரி பதினாறு இடத்திலும் மருத்துவமனை சாஃப்ட்வேர் திறக்க மறுத்தது. திங்கட்கிழமை காலை. உப்பளத்திலிருந்து வந்தவர்கள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். கண் எரிச்சல்காரர்கள், காலில் உப்புப் புண் வந்தவர்கள், இருமல்காரர்கள். அக்கா உடனே அதைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தார்.

“எப்பக்கா வேலை செய்யும்?”

“நான் மாத்திட்டேன். மெஷினுங்க வந்து கேட்கணும். ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணி ஆன் பண்ணு.”

நான் ஆத்திரத்தோடு ஓடினேன். அவர் வரிசையில் நின்றவர்களிடம் போய், முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரைக்கும், “லேட் ஆவுதுங்க, தப்பு என்னுது” என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே போனார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் என் கவுன்டரில் உட்கார்ந்து கையாலேயே சீட்டு எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு நோட்டில் “ஏன்” என்ற பத்தியில் “கவனக்குறைவு, நான்” என்று எழுதியிருந்தது.

அக்கா இடையஞ்சாவடிக்காரர். சென்னையில் ஒரு கம்பெனியில் எண்ணூறு மெஷின்களைப் பார்த்துக்கொண்டவர் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்த வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். “அங்க ஒவ்வொரு மேனேஜருக்கும் ஒரு விலக்கு வேணும்” என்றார். எனக்கு அந்த மேனேஜர்கள்மேல் இரக்கமாக இருந்தது.

எங்களுக்கும் ஒரு மேனேஜர் இருந்தார். நல்ல மனிதர்தான். யாருக்கும் முடியாது என்று சொல்லத் தெரியாதவர். மருத்துவமனைக்கு ஜெனரேட்டர் வாங்கிக் கொடுத்த உப்பள முதலாளி ஒருவர், ஆனி மாசம், உப்பு வாரும் வேலை மும்முரமாக நடக்கும்போது, அவரைப் பார்க்க வந்தார். தன் பாத்தியில் வேலை செய்கிறவர்களில் யார் யாருக்கு டிபி என்று ஒரு லிஸ்ட் வேண்டுமாம். “வேற ஒண்ணும் இல்ல. அவங்களுக்கு லேசான வேலை குடுக்கத்தான்” என்றாராம். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு பென் டிரைவைக் கையில் கொடுத்தார். நான் என் மெஷினில் சொருகினேன். சர்வர் அக்கா வாசலில் நிற்பது போல, அனுமதி இல்லை என்று திரையில் வந்தது.

மேனேஜரே அவரிடம் போனார். நானும் பின்னால் நின்றேன்.

“ஒரே ஒரு மெஷின்மா. ஒரு நாளைக்குத் திறந்து விடுங்க.”

“என்ன எடுக்கப் போறீங்க சார்?”

“ஒரு லிஸ்ட்டு. ஜெனரேட்டர் குடுத்த டோனர் கேட்கிறாரு.”

“பேஷன்ட் லிஸ்டா?”

மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“டாக்டர் எழுதிக் குடுத்தா பதினாறு மெஷின்லயும் திறக்கறேன். ஒண்ணுல மட்டும் திறக்க மாட்டேன்” என்றார் அக்கா.

மேனேஜர் வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருடைய பீரோவில் ஒரு ஒட்டிய கவர் இருந்தது. தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் திறக்கட்டும் என்று அக்காவே கொடுத்து வைத்திருந்த சர்வர் பாஸ்வேர்ட். அந்தக் கவரைக் கிழித்துப் பாஸ்வேர்டை என்னிடம் கொடுத்தார். “நீ திண்டிவனத்துல கோர்ஸ் படிச்சவன்தானே. சீக்கிரம் முடிச்சுடு” என்றார்.

நான் யோசிக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். யோசித்தேன். அந்த லிஸ்ட்டைப் பற்றி யோசிக்கவில்லை, அக்காவைப் பற்றித்தான் யோசித்தேன். நீலத் திரையையும், வெட்டுப்பட்டுத் தெரிந்த பாதிப் பெயர்களையும், ரப்பர் தேய்த்ததற்கு எழுதிய காரணத்தையும் நினைத்தேன். அவர் மதியம் பேங்குக்குப் போயிருந்தபோது, மேனேஜரின் புது மெஷினில் உட்கார்ந்து பாஸ்வேர்டைப் போட்டு, டெம்ப்ளேட்டைத் திறந்து, பென் டிரைவைத் தடுக்கும் வரியை மாற்றினேன். உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. லிஸ்ட் பென் டிரைவில் ஏறியதும் வரியைப் பழையபடி வைத்துவிட்டேன். ஒரு தடயமும் இல்லை என்று நினைத்தேன்.

புது மெஷினிலிருந்து டெம்ப்ளேட்டைத் திறந்தாலே போதும், அது யாரையும் கேட்காமலேயே தன்னிடமுள்ள புதுப் பிரதியைச் சர்வரில் இருக்கும் பழையதன் மேல் எழுதிவிடும் என்பது எனக்குத் தெரியாது. எங்கள் சர்வர் பழசு. அதற்கு அந்தப் புதிய வரிகளைப் படிக்கத் தெரியாது. மறுநாள் காலை அக்கா திறந்தபோது, வரி நீளமாக இருக்கிறது, வெட்டிவிட்டேன் என்று ஒரு பெட்டி வந்தது. சரி என்று அழுத்தினால் அடுத்த பெட்டி. அழுத்த அழுத்த வந்துகொண்டே இருந்தது. கதவு திறந்திருந்ததால் அந்த டிங் சத்தம் எனக்குக் கேட்டது. வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.

அவர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். “நேத்து மேனேஜர் மெஷின்ல யாராவது உட்கார்ந்தீங்களா?” மேனேஜர் லீவில் இருந்தார். என்னிடம் வந்தபோது, “தெரியலக்கா” என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நாலு நாள் உட்கார்ந்து பழைய பிரதியைத் தேடி எடுத்து, நோட்டைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு வரியாகத் திரும்ப வைத்தார். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே சாயங்காலம் எடுத்துக்கொண்டு போனார்.

சனிக்கிழமை ஒரு பெண் என் கவுன்டருக்கு வந்தார். அனுமந்தைக்காரர், நாற்பது வயது இருக்கும். டிபி மாத்திரை ஆரம்பித்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. வாரம் மூன்று நாள் வந்து, டாக்டர் எதிரிலேயே விழுங்கிவிட்டு நேராக உப்பளத்துக்குப் போவார். அன்றைக்குப் போகாமல் என் முன்னால் நின்றார்.

“எங்க மேஸ்திரிக்கு யாருப்பா சொன்னது?”

“என்னதும்மா?”

“எனக்கு இருமல் நோவுன்னு. பேரைப் படிச்சு மூணு பேரை நிக்க வெச்சான். தண்ணிப் பானையத் தொடாத, வூட்டுக்குப் போன்னுட்டான். எம் பேரை நான் இங்க உன்கிட்டதானே சொன்னேன். வேற யாருகிட்டயும் சொல்லல.”

அவர் கத்தவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “விசாரிக்கிறேம்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டு, கவுன்டரை அப்படியே விட்டு அக்காவின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்த நோட்டை என் பக்கம் தள்ளி, பேனாவைத் திறந்து வைத்தார்.

“எழுது.”

தேதி எழுதினேன். எந்த வரி என்று எழுதினேன். என்ன மாற்றம் என்று எழுதினேன். “ஏன்” என்ற பத்தியில் “மேனேஜர் சொன்னார்” என்று எழுதினேன்.

“அது யார் சொன்னாங்கன்னு கேட்டா எழுத வேண்டியது. இது ஏன்னு கேட்குது.”

பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் எழுதியதை அடித்துவிட்டு, “அக்கா மேல் எரிச்சல்” என்று எழுதினேன். அவர் படித்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனார்.

டாக்டர் அன்றைக்கே உப்பளத்துக்குப் போய் முதலாளியிடம் பேசினார். மாத்திரை சாப்பிடுகிறவர்களிடமிருந்து பயப்படத் தேவையில்லை என்று கூலிக்காரர்களையும் உட்காரவைத்துச் சொன்னார். நிறுத்திய மூன்று பேரில் இரண்டு ஆண்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண்ணோடு சேர்ந்து உப்புக் கூடை தூக்குகிறவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் அவரை மட்டும் சேர்க்கவில்லை. என்னை வேலையை விட்டு எடுக்க வேண்டும் என்று மேனேஜரே சொன்னார். டாக்டர், வேண்டாம், இவன் மெஷினில் இனிமேல் லிஸ்ட் எதுவும் திறக்காதபடி செய்துவிடுங்கள் என்றார். அதற்கும் அக்கா தலையாட்டவில்லை. “இவன் ஒருத்தனுக்குப் பூட்டுப் போட்டா, நாளைக்கு அந்த நாற்காலியில வேற ஒருத்தன் உட்காருவான்” என்றார். எனக்கு அது மன்னிப்பா தண்டனையா என்று புரியவில்லை. இன்றைக்கும் புரியவில்லை.

அடுத்த வாரம் அக்கா என்னை அனுமந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பெண் வீட்டு வாசலில் மீன் காயவைத்துக்கொண்டிருந்தார். அதுதான் அப்போது கிடைத்த வேலை. “நான்தாம்மா லிஸ்ட்டை எடுத்துக் குடுத்தது” என்று சொன்னேன். அந்த அம்மா மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

“சரி, சொல்லிட்ட. இப்ப நான் இன்னா பண்றது?”

அவர் அக்காவைப் பார்த்தார்.

“கம்ப்யூட்டர்ல இருந்து எம் பேரை எடுத்துடுங்க. இல்லாங்காட்டி நான் மாத்திரைக்கே வர மாட்டேன்.”

“பேரு இல்லன்னா எத்தினி மாத்திரை சாப்பிட்டீங்கன்னு கணக்கு நிக்காதும்மா. பாதியில விட்டா நோவு திரும்பிக்கும்” என்றார் அக்கா. அந்த அம்மா கேட்கவில்லை. நாங்கள் கிளம்பும்போது அக்கா நின்று, “மூணு வாரம் டைம் குடுங்க. அதுவரைக்கும் மாத்திரையை நானே எடுத்துனு வர்றேன்” என்றார்.

மருத்துவமனை விதிப்படி மாத்திரையை வெளியே கொடுக்கக் கூடாது. அதனால் வாரம் மூன்று நாள் கிளை நர்ஸையும் கூட்டிக்கொண்டு போய், அந்த வாசலில் நின்று விழுங்க வைத்து, ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தார். நடுவில் பாண்டிச்சேரியில் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தவரோடு தினமும் போனில் சண்டை. மூன்றாவது வாரம் முடிந்து திங்கட்கிழமை வந்தபோது, பதினாறு மெஷினிலும் பெயர் இருந்த இடத்தில் நம்பர் இருந்தது. காய்ச்சலுக்கு வந்தவருக்கும் நம்பர், கால் புண்ணுக்கு வந்தவருக்கும் நம்பர். யாருக்கு என்ன நோய் என்று டாக்டர் மட்டும் தன் பாஸ்வேர்டைப் போட்டுப் பார்க்கலாம், எந்த மெஷினில் உட்கார்ந்தாலும். எல்லாருக்கும் ஒரு அட்டை. அட்டையைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களின் நம்பரைப் பதிவு ரிஜிஸ்டரில் தேடி எடுப்பதற்குள் எனக்கு உயிர் போய்விடும். ஒருநாள் தாங்காமல், டிபிக்காரர்களுக்கு மட்டும் நம்பர் போதாதா என்று கேட்டேன்.

“அவங்களுக்கு மட்டும் நம்பர் குடுத்தா, நம்பர் வெச்சிருக்கறவங்க எல்லாம் டிபின்னு ஆயிடும்ல” என்றார்.

அந்த அம்மா அட்டையோடு வர ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்க்க மாட்டார். நம்பரை மட்டும் சொல்வார்.

ஐப்பசி மழையில் பாத்திகளெல்லாம் முழுகிக் கிடந்த நேரத்தில் அக்காவுக்கு வேலை போனது. ஜெனரேட்டர்காரர் டிரஸ்ட்டில் பேசிய பிறகு, பதினாறு மெஷினுக்கு ஒரு தனி ஆள் எதற்கு என்று கேள்வி வந்தது. மேனேஜர் இருந்தார், நான் இருந்தேன், அவரை அனுப்பிவிட்டார்கள். கடைசி நாள் பஸ் ஸ்டாப் வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு போனேன். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சர்வர் அறையில் மழை ஒழுகுகிற இடத்தைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தார். பஸ் வந்தபோது, “அந்த அம்மாவுக்கு இது எத்தினாவது மாசம்?” என்று கேட்டார்.

“அஞ்சு.”

“இன்னும் ஒண்ணு இருக்குது” என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

அடுத்த மாசம் அந்த அம்மா கடைசி மாத்திரையை விழுங்கிவிட்டு, டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை என்னிடம் நீட்டினார். குணமாகிவிட்டது என்று எழுதியிருந்தது. அவர் போனதும், அக்கா புதிதாகச் சேர்ந்திருந்த இடத்துக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

“இது எந்த போன்?” என்று கேட்டார்.

“கவுன்டர் போன்தாங்க்கா.”

“சொந்த விஷயத்துக்கு ஆபீஸ் போன்ல பேசக் கூடாது தம்பி.”

எரிச்சலாக வந்தது. வைத்துவிடுவார் என்று காத்திருந்தேன். வைக்கவில்லை.

“ஒரு நாள்கூட விடலையா அவங்க?”

“விடலக்கா.”

கவுன்டரில் ஆட்கள் நின்றிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் ரொம்ப நேரம் அந்த ஆபீஸ் போனைப் பிடித்துக்கொண்டே இருந்தோம்.